லத்தீனிலும் ஆங்கிலத்திலும் ஸப்ஜங்டிவ் என்னும் வினைப்பாங்கு

யான் இளமையில் மாணாக்கர் விடுதியொன்றில் வசித்தகாலை, அவ்விடுதியின் உணவுச் சபைக்கு ஓராண்டு காரியதரிசியாக இருந்தேன். கூட்டங்களின் நடவடிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதிவைத்தல் காரியதரிசியின் கடன். ஒருநாட் கூட்டத்தில் அங்கத்தினர் பலர் எழுந்து, கணக்குகள் தணிக்கை செய்யப்படல் வேண்டுமென்று வற்புறுத்தினர். யான் நடவடிக்கைப் புத்தகத்தில், 'மெம்பர்ஸ் இன்ஸிஸ்டெட் தட் தி அக்கவுண்ட்ஸ் வேர் செக்ட்' என்று எழுதிக் கையொப்பமும் இட்டேன். சில மாதங்கள் சென்றபின் அரிசிக் கணக்கிற் குறை கண்டது. விசாரிக்க வந்த பெரியவர் புத்தகத்தைத் திறந்து அவ்வரியைப் படித்தார். "கணக்குகள் தணிக்கையாயின என்று அங்கத்தினரே அடித்துச் சொல்லியிருக்கின்றனர், இப்பொழுது முறையிடுவது எங்ஙனம்?" என்று வினவினார். கேட்டவர்கள் கேட்டபடியே நிற்க, கேட்டது கிடைத்துவிட்டதென்று என் எழுத்துச் சாட்சி சொல்லிற்று. 'வேர்' என்று எழுதிய இடத்தில் 'பி' என்று ஆங்கிலத்தில் இரண்டெழுத்து இட்டிருப்பேனாயின், அவர்கள்மேற் பழி வந்திராது.

அவ்விரண்டெழுத்துச் சொல்லையே ஆங்கில இலக்கண நூலார் ஸப்ஜங்டிவ் மூட் என்பர். பரீட்சைக்கென்று அதனை மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டவருள் யானும் ஒருவன். அதன் இயல்பை யான் விளங்கிக்கொண்டது, பின்னாளில் லத்தீன் பயிலத் தொடங்கிய பொழுதேயாம். ஆங்கிலத்தில் அது பாழடைந்த ஒரு மாளிகையின் இரண்டொரு தூண்களைப்போல் நிற்கின்றது. தூணை மட்டும் பார்ப்பவனுக்கு அது யாது தாங்கி நின்றதென்பது விளங்காது. லத்தீனிலோ மாளிகை முழுதும் நிற்கின்றது. ஆதலின் லத்தீனை முன்னும் ஆங்கிலத்தைப் பின்னுமாக வைத்து ஈண்டு உரைக்கப் புகுகின்றேன். நம் மாணாக்கரிற் பெரும்பாலார் லத்தீன் பயிலாதவராதலால், எடுத்துக்காட்டுக்களை எளியனவாகவே தருவேன்.

முதலிற் பெயரைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும். இலக்கணத்தில் வரும் மூட் என்னுஞ் சொல் மனநிலையைக் குறிக்கும் மூட் என்னுஞ் சொல் அன்று. மனநிலையைக் குறிப்பது பண்டை ஆங்கிலத்துத் தொன்றுதொட்ட சொல். இலக்கணச் சொல்லோ 'மோடுஸ்' என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. விதம், முறைமை என்பது அதன் பொருள். ஒரு வினையைச் சொல்லுவோன் அதனை எம்முறையிற் சொல்லுகின்றான் என்பதே இங்குக் கருதப்படுவது. இதனை நாம் வினைப்பாங்கு எனலாம். 'அவன் வருகின்றான்' என்று உள்ளதை உள்ளவாறு சொல்லி அதற்குப் பிணையாய் நிற்பது ஒரு பாங்கு. இஃது இண்டிகேடிவ் எனப்படும். 'வா' என்று முன்னின்றானை ஏவுவது பிறிதொரு பாங்கு. இனி, சொல்லுவோன் ஒரு வினையை விரும்பியோ, அஞ்சியோ, கற்பித்தோ, பிறர் கூற்றாகவோ, அது நிகழ்ந்ததெனத் தான் பிணை நில்லாது சொல்லுவது மூன்றாவது பாங்கு. அதுவே ஸப்ஜங்டிவ். முதலாவதை உள்ளது கூறும் வினையென்றும், இதனை உள்ளத்தது கூறும் வினையென்றும் யான் எனக்குட் சொல்லிக்கொள்வதுண்டு. இலக்கணப் புலவர் இப்பெயர்களை ஏற்பரோ அறியேன், நினைவில் நிற்கின்றன.

ஸப்ஜங்டிவ் என்னும் பெயர் 'கீழே இணைக்கப்பட்டது' எனப் பொருள்படும். கிரேக்க இலக்கண நூலார் இட்ட பெயரை ரோமர் மொழிபெயர்த்துக்கொண்டனர். சார்பு வாக்கியங்களில் இவ்வினை மிகுதியும் வருதலால் இப்பெயர் எழுந்தது. ஆயினும் இப்பெயரே மாணாக்கரை மயக்குகின்றது. 'இஃப்' என்னுஞ் சொல் வரும் இடத்தெல்லாம் ஸப்ஜங்டிவ் வருமென்றும், 'இஃப்' இல்லாவிடத்து வாராதென்றும் எண்ணிவிடுகின்றனர். தனித்து நின்ற காலத்து இதன் முகத்தைப் பார்த்தாலன்றி இதன் குணம் புலப்படாது.

லத்தீனில் நிகழ்காலத்து வேறுபாடு பெரும்பாலும் ஓர் உயிரெழுத்தின் மாற்றமே. 'அமட்' என்றால் அவன் அன்பு செய்கின்றான். 'அமெட்' என்றால் அவன் அன்பு செய்வானாக. அகரம் ஆண்ட இடத்தில் எகரமும், எகரமோ இகரமோ ஆண்ட இடத்தில் அகரமும் வந்து புகும். 'ஸ்டட்' நிற்கின்றது, 'ஸ்டெட்' நிற்பதாக. அச்சுப்பிழை திருத்துவோர், தவறாக அடித்துவிட்ட சொல்லை மீண்டும் இருக்கவிட வேண்டின், ஓரத்தில் ஸ்டெட் என்று எழுதுவது இதுவே. இம்மலரின் அச்சுத்தாள்களிலும் அச்சொல் ஓரிரு இடங்களில் எழுதப்பட்டிருத்தல் கூடும்.

லத்தீன் அறியாத நம் நாட்டாரும் நாடோறும் வழங்கும் லத்தீன் வினைகள் நியாயஸ்தலத்தில் உள்ளன. அஃபிடவிட் என்னும் பிரமாணப் பத்திரத்தின் பெயர் ஒரு முற்றுவினை. 'அவன் உறுதி கூறினான்' என்பது அதன் பொருள். கூறினான் என்பது நடந்த செய்தி. ஆதலின் அஃது உள்ளது கூறும் வினை. கேவியட் என்பதோ, 'கவெட்' அதாவது 'அவன் எச்சரிக்கையாயிருக்கின்றான்' என்பதன் ஸப்ஜங்டிவ். 'அவன் எச்சரிக்கையாயிருப்பானாக' என்பது பொருள். எதிர்க்கட்சியார் ஏதேனும் விண்ணப்பஞ் செய்யக்கூடுமென்று அஞ்சுவோர், தம்மைக் கேளாது கட்டளையிடற்க என்று நியாயஸ்தலத்துக்கு முன்கூட்டியே அறிவித்துவைக்கும் இம்மனு, 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் இந்திய சிவில் நடைமுறைச் சட்டத்தில் 148-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. தொண்ணூறு நாள் வரையில் அது செல்லும். ஒன்று நடந்ததற்குச் சாட்சி; மற்றொன்று நடவாதிருத்தற்கு வேண்டுகோள். இரண்டன் வேறுபாடும் அப்பெயர்களின் வினைப்பாங்கிலேயே அடங்கியிருக்கின்றது. உயர் நீதிமன்றங்கள் விடுக்கும் பேராணைகளும் அவ்வாறே. மாண்டமஸ் என்பது 'யாம் கட்டளையிடுகின்றோம்' என்னும் இண்டிகேடிவ். ஹேபியஸ் கார்ப்பஸ் என்பதிலுள்ள ஹேபியஸ், 'நீ உடையாய்' என்னும் 'ஹபேஸ்' என்பதன் ஸப்ஜங்டிவ். 'நீ அவ்வுடலைக் கொண்டுவருவாயாக' என்பது கருத்து. இங்கிலாந்தில் 1679இல் இயற்றப்பட்ட சட்டம் இவ்வாணைக்கு உறுதி தந்தது. சிறைகாப்போன் ஒருவனை நோக்கி அரசன் விடுத்த ஒரு வினைச்சொல்லின் ஈற்றயல் உயிர் எத்தனையோ பேருக்குச் சிறைக்கதவைத் திறந்திருக்கின்றது.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. ஆதிக் கிறிஸ்தவர்களின் கல்லறைகளில் 'ரெக்வியெஸ்கிட்' என்று எழுதிய கற்கள் பல உள்ளன. 'இங்கு இவர் இளைப்பாறுகின்றார்' என்று அவை உள்ளதாகவே கூறுகின்றன. பின்னாளில் மிகுதியும் வழங்கியது 'ரெக்வியெஸ்கட்', இளைப்பாறுவாராக. இகரம் அகரமாயிற்று, அறிவிப்பு வேண்டுதலாயிற்று. முன்னதை எழுதினோர் தம் நம்பிக்கையைச் செய்தியாகவே சொன்னார்கள். பின்னதை எழுதினோர் அதனை இறைவன் கையில் விட்டார்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தின் முதல் மூன்று விண்ணப்பங்களின் வினைகளும் லத்தீன் மொழிபெயர்ப்பில் ஸப்ஜங்டிவ்களே. அன்றாட அப்பத்தைக் கேட்கும் நான்காவதில்தான் ஏவல் வினை வருகின்றது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அப்படியே. பலகாலும் சொல்லிப் பழகிய நாவுக்கு இம்மாற்றம் தென்படுவதில்லை.

தமிழ் கற்றோர் இதற்குள், 'இது நம் வியங்கோள் அன்றோ?' என்பர். தனித்து வரும் ஸப்ஜங்டிவ் பெரும்பாலும் வியங்கோளே. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று நாம் வகுக்கும் பொருள்கள் நான்கும் அதற்கு உண்டு. நன்னூலார் க, ய, ர் என்னும் ஈறுகளையுடைய வியங்கோளை மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொதுவாக வைத்தார். லத்தீன் வினையோ இடத்துக்கும் எண்ணுக்கும் தக்கபடி ஈறு வேறுபடும். 'எயாமுஸ்', யாம் செல்வோமாக. 'எயட்', அவன் செல்க. இதனோடு ஐயவினாவும் சேரும். 'க்விட் ஃபகியம்?' என்றால், 'யான் என் செய்கேன்?' என்பது. செய்கின்றேன் என்று சொல்லுதற்கு அங்கு ஒன்றுமில்லை; உள்ளம் தடுமாறுகின்றது; ஆதலின் உள்ளத்தது கூறும் வினை வந்தது.

ஆயினும் ஸப்ஜங்டிவை வியங்கோள் என்று மொழிபெயர்த்து அமைந்துவிடுதல் பொருந்தாது. வியங்கோள் செல்லாத இடங்களிலெல்லாம் லத்தீன் அதனைக் கொண்டுசெல்கின்றது. எவ்வாறு சென்றதென்பதைக் காட்டுதற்கு அச்சப்பொருள் வாக்கியத்தினுஞ் சிறந்தது யான் அறியேன். 'டிமெயோ நே வெனியட்' என்றால், 'அவன் வருவானோ என்று அஞ்சுகின்றேன்' என்பது பொருள். இதிலுள்ள 'நே' எதிர்மறைச் சொல். வருதலுக்கு அஞ்சுகின்றவன் எதிர்மறையை ஏன் சேர்த்தான் என்று புதிதாகக் கற்போர் அனைவரும் திகைப்பர். பொருளைத் தலைகீழாக எழுதி மதிப்பெண் இழப்போரும் பலர். அதனை இரண்டு வாக்கியமாகப் பிரித்துப் படித்தாற் புதிர் அவிழும். 'அஞ்சுகின்றேன். அவன் வாராதிருப்பானாக!' என்பதே அதன் பழைய வடிவம். அஞ்சியவன் வாயில் முதலில் எழுந்தது வேண்டுகோள். நாளடைவில் அவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, வியங்கோளாய் நின்றது சார்பு வாக்கியமாய்விட்டது. நோக்கத்தைக் குறிக்கும் 'உட்' வாக்கியங்களும் இவ்வழியே பிறந்தன. 'அவனை அனுப்புகின்றேன்; அவன் பார்ப்பானாக' என்றது, 'அவன் பார்க்கும்பொருட்டு அனுப்புகின்றேன்' என்றாயிற்று. ஆங்கிலத்தில் 'லெஸ்ட்' என்னுஞ் சொல்லுக்குப்பின் 'ஹி ஃபால்' என்று ஈற்றில் ஸகரமின்றி எழுதுவது இந்த 'நே'யின் ஆங்கில உடன்பிறப்பு.

இனிக் கூறப்புகுவது, என் விடுதிப் புத்தகத்தின் பிழையோடு நெருங்கிய உறவுடையது. ஆதலின் இதிற் சிறிது தங்குவேன். காவலன் ஒருவன் தண்டிக்கப்பட்டான். உறங்கினான் என்பது குற்றச்சாட்டு. இதனை லத்தீனில் இருவகையாக எழுதலாம். 'கூஸ்டோஸ் பூனிடுஸ் எஸ்ட் க்வோட் டோர்மியேபட்' என்பது ஒன்று. ஈற்றுச் சொல்லை மாத்திரம் மாற்றி, 'க்வோட் டோர்மீரெட்' என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் இரண்டையும், 'உறங்கியதால் தண்டிக்கப்பட்டான்' என்னும் பொருள்பட 'பிகாஸ்' என்ற ஒரு சொல்லாலேயே பெரும்பாலார் எழுதிவிடுவர். ரோமன் ஒருவனுக்கு அவை ஒன்றல்ல. முன்னதில் வினை இண்டிகேடிவ். காவலன் உறங்கினமைக்கு ஆசிரியனே பிணை. பின்னதில் வினை ஸப்ஜங்டிவ். உறங்கினான் என்பது தண்டித்தவர் கூற்று. ஆசிரியன் அதனை மெய்யென்றுஞ் சொல்லவில்லை, பொய்யென்றுஞ் சொல்லவில்லை. ஒரு மனிதனுடைய மானம் இங்கு ஈற்றிலுள்ள இரண்டொரு எழுத்தில் தொங்குகின்றது.

தமிழில் இதற்கு நேரானது வியங்கோள் அன்று; 'ஆம்' என்னும் சிறு சொல்லே. 'காவலன் உறங்கினான், தண்டித்தார்கள்' என்பதற்கும், 'காவலன் உறங்கினானாம், தண்டித்தார்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தறியாத பாட்டியும் அறிவாள். ஊரார் வாயிற் கேட்டதைச் சொல்லும்போது 'ஆம்' சேர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளாத தமிழர் அரியர். எழுத்து நடையில் நாம் அச்சொல்லைக் கொச்சையென்று தள்ளிவிட்டு, 'உறங்கியதால்' என்று எழுதித் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். பேச்சில் இருந்த நடுவுநிலைமை ஏட்டில் இல்லாது போகின்றது. ஜெர்மானியர் தம் மொழியில் இவ்வேறுபாட்டை எழுத்திலே போற்றிவைத்திருக்கின்றனர்; அவர்களுடைய பத்திரிகைகள் ஒருவர் சொன்னதை அறிவிக்குங்கால், அவ்வினையை ஸப்ஜங்டிவில் அமைப்பது இன்றும் வழக்கம்.

லத்தீன் சரித்திர நூல்களைப் படிப்போர்க்கு இவ்விதி ஒரு திறவுகோல். ஜூலியஸ் சீஸர் காலியப் போரைப்பற்றி எழுதிய நூலின் முதற் புத்தகத்தில், ஜெர்மானியத் தலைவனாகிய அரியோவிஸ்துஸ் பேசிய பேச்சுக்களை அயற்கூற்றாகத் தருகின்றார். அவற்றில் முதன்மை வினைகள் எச்சவடிவிலும், சார்பு வினைகள் ஸப்ஜங்டிவிலும் அமையும். பல வரிகள் சென்றும், 'என்று அவன் கூறினான்' என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டுவதில்லை. ஒவ்வொரு வினையும் தன் வடிவாலேயே, 'இது சீஸர் வாக்கன்று, அரியோவிஸ்துஸ் வாக்கு' என்று சொல்லிக்கொண்டே செல்லும். அத்தகைய அயற்கூற்றின் நடுவே ஒரு சார்பு வினை இண்டிகேடிவில் வந்தால், பொதுவாக அது நூலாசிரியன் தன் பொறுப்பிற் சேர்த்த விளக்கம் என்று கொள்ளல் வேண்டும். மொழிபெயர்ப்போர் இதனைக் கவனியாராயின், பகைவன் சொன்னதைச் சீஸர் ஒப்புக்கொண்டதாக எழுதிவிடுவர்.

இனி நிபந்தனை வாக்கியம். 'ஸி அடெஸ்ட், விடெட்': அவன் இங்கிருக்கின்றானாயின் காண்கின்றான், இருக்கின்றானோ இல்லையோ, சொல்லுவோன் ஒருபக்கமுஞ் சாயவில்லை, ஆதலின் இண்டிகேடிவ். 'ஸி அட்ஸிட், விடெயட்': ஒருகால் இங்கிருப்பானேல் காண்பான், இது கற்பனை. 'ஸி அடெஸ்ஸெட், விடேரெட்': இங்கிருந்தால் காண்பானே, இங்கில்லை என்பது குறிப்பு. 'ஸி அட்ஃபுயிஸ்ஸெட், வீடிஸ்ஸெட்': இருந்திருந்தால் கண்டிருப்பானே, இருந்திலன், கண்டிலன். இவற்றுள் மூன்றாவதைக் கவனிக்க. பேசப்படுவது இப்பொழுது, வினைவடிவமோ இறந்தகாலத்தது. ஆங்கிலத்திலும், 'இஃப் ஹி வேர் ஹியர்' என்னுமிடத்து இறந்தகால வடிவமே வருகின்றது. இன்றைக்கு இல்லாத ஒன்றைச் சொல்ல நேற்றைய வினை எதற்கு என்று மாணாக்கர் வினவுவது இயல்பே. காலத்தால் அகன்றதைக் காட்டும் வடிவம், மெய்ம்மையினின்று அகன்றதைக் காட்டவும் எடுத்தாளப்படுகின்றது என்பதே விடை. தமிழர் இதற்கு வியப்புறல் வேண்டா. 'நாளை மழை வந்தால்' என்கின்றோம். நாளைய மழைக்கு 'வந்த்' என்னும் இறந்தகால அடியையன்றோ இட்டோம்? ஆயிரம் முறை சொல்லியும் நாம் அதனை உணர்ந்ததில்லை.

ஆங்கிலத்துக்கு வருவோம். பண்டை ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைக்கும் ஸப்ஜங்டிவ் ஈறுகள் தனியே இருந்தன. பாடு என்னும் வினையை எடுத்துக்கொண்டால், படர்க்கை ஒருமை இண்டிகேடிவில் தகர ஒலி ஈறும், ஸப்ஜங்டிவில் எகர ஈறும் பெறும். பன்மையில் முன்னது தகர ஒலியாலும் பின்னது னகரத்தாலும் முடியும். பிறர் கூற்றை ஸப்ஜங்டிவில் உரைத்தலும் அக்காலத்து ஆங்கிலத்தில் உண்டு. பின்னர் அழுத்தமில்லாத ஈற்றுயிர்கள் தேய்ந்தன, னகரமும் உதிர்ந்தது. வடிவம் வேறுபடாதவிடத்துப் பாங்கின் வேறுபாட்டை யார் உணர்வர்? வுட், ஷுட், மே, மைட் என்னும் துணைவினைகள் முன்வந்து அதன் தொழிலைப் பகிர்ந்துகொண்டன. எஞ்சியவை மிகச் சில. படர்க்கை ஒருமையில் ஸகர ஈறு இல்லாமை ஒன்று: 'ஹி கம்ஸ்' என்னாது 'ஹி கம்' என்பது. 'பி' என்னும் வினையின் இரண்டு வடிவங்கள் மற்றவை: எல்லா இடத்துக்கும் 'பி', ஐ, ஹி முதலிய ஒருமைகளுக்கும் 'வேர்'. இந்த 'வேர்' பன்மையைத் தவறாக ஒருமைக்கு இட்டதன்று. பண்டை ஆங்கிலத்தில் ஒருமைக்கே உரியதாய் இருந்த ஸப்ஜங்டிவ் வடிவத்தின் நேர்வழித் தோன்றல்.

இவற்றோடு, உறைந்துபோன தொடர்கள் சில உண்டு. 'லாங் லிவ்', 'கம் வாட் மே', 'இஃப் நீட் பி', 'ஆஸ் இட் வேர்' என்பன அவை. நாம் பிரியும்போது சொல்லும் குட்-பை என்பதும், 'கடவுள் உம்மோடு இருப்பாராக' என்னும் தொடர் சிதைந்து சுருங்கியதே. அதனுள் ஒரு 'பி' மறைந்து கிடக்கின்றது. ஸப்ஜங்டிவ் தமக்கு வாராதென்று அஞ்சும் மாணாக்கர் மாலைதோறும் வகுப்பைவிட்டு நீங்கும்போது அதனைப் பிழையின்றிச் சொல்லுகின்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கண நூலார் லத்தீனிற் பயின்றவராதலின், லத்தீன் அச்சிலேயே ஆங்கிலத்தை வார்த்தனர். ராபர்ட் லௌத் 1762இலும், லிண்ட்லி மர்ரே 1795இலும் வெளியிட்ட இலக்கணங்கள் பல தலைமுறைகள் பள்ளிகளை ஆண்டன. மர்ரே ஆங்கிலத்துக்கு ஐந்து மூட் எண்ணினார். இவ்வழக்கம் ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. நம் மொழியையும் தொட்டது. பதினாறாம் நூற்றாண்டில் தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் வகுத்த ஹென்ரீக் ஹென்ரீகஸ் பாதிரியாரும் ஐரோப்பிய முறையைத் தழுவித் தமிழ் வினைகளை அத்தகைய பாங்குகளின் கீழ் நிறுத்திக் காட்டினார். ஸீகன்பால்கு ஐயர் 1716இல் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழிலக்கணம் லத்தீனிலேயே எழுதப்பட்டது. அயல்மொழியைக் கற்கத் தொடங்குவோன் தான் அறிந்த அளவுகோலைத்தானே கையில் எடுப்பான்? அவர்களைக் குறைகூறுவது எளிது. அவர்கள் வைத்த இடத்தில் வியங்கோளும், 'ஆல்' ஈற்று வினையெச்சமும், 'ஆம்' என்பதும் வேறுவேறு என்று கண்டுகொள்ள அவ்வளவுகோலே நமக்கும் உதவுகின்றது.

ஆங்கில ஸப்ஜங்டிவ் இறந்துகொண்டிருக்கின்றதென்று பலர் பலகாலும் சொல்லிவந்தனர். பௌலர் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்ககராதியில், சில வழக்குகள் நீங்கலாக அது சாகுந்தறுவாயில் இருப்பதாகவே கருதினார். நிகழ்ந்ததோ வேறு. வேண்டுகோள், கட்டளை, தீர்மானம் முதலியவற்றைக் குறிக்கும் வினைகளின்பின் வரும் 'பி' அமெரிக்கர் எழுத்தில் வலிமை பெற்று, அங்கிருந்து பிரிட்டானியர் எழுத்திலும் மீண்டும் பரவிற்று. 'ஷுட் பி' என்று பிரிட்டானியர் எழுதுமிடத்து 'ஷுட்' என்பதை விட்டொழித்தால் அதுவே. ஹடில்ஸ்டன், புல்லம் என்னும் இருவர் 2002இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம், இந்தப் 'பி' வாக்கியத்தை மட்டும் ஸப்ஜங்டிவ் என்று வைத்துக்கொண்டு, 'இஃப் ஹி வேர்' என்பதற்கு வேறு பெயர் கொடுத்துவிட்டது. முன்னதில் உள்ளது தனி வினைவடிவமன்று, வாக்கிய அமைப்பே என்பது அவர்கள் கொள்கை. ஆங்கிலத்துக்கு அது தக்கதே என்று எனக்கும் தோன்றுகின்றது. ஆனால் லத்தீனையும் உடன் கற்போர்க்குப் பழைய பெயரே உறவைக் காட்டும்.

கையாளும்போது காக்கவேண்டியவை இரண்டைச் சொல்லி அமைவேன். இன்ஸிஸ்ட் என்னும் வினை இரட்டை நாவுடையது. பின்னே 'பி' வந்தால் வேண்டுதல். 'இஸ்', 'ஆர்', 'வேர்' வந்தால் அடித்துச் சொல்லுதல். 'தி வார்டன் இன்ஸிஸ்ட்ஸ் தட் தி கேட் பி லாக்ட்' என்றால், கதவு பூட்டப்படல் வேண்டுமென்கின்றார். 'இஸ் லாக்ட்' என்றால், பூட்டியேயிருக்கின்றதென்று சாதிக்கின்றார் என்றே பிறர் கொள்வர். ஸஜெஸ்ட் என்பதும் அவ்வாறே. 'பி' வந்தால் யோசனை கூறுதல், 'வாஸ்' வந்தால் இப்படி இருந்திருக்கலாமென்று ஊகித்தல். டிமாண்ட், ரிக்வெஸ்ட் என்பவற்றுக்கு இவ்விடர் இல்லை. அவை வேண்டுதலையன்றி வேறு பொருள் பயவா. தீர்மானங்களும் நடவடிக்கைகளும் எழுதுவோர் இதனை நினைவில் வைத்தல் நலம். படிப்பவர் கூட்டத்துக்கு வந்திருந்தவர் அல்லர்.

மற்றையது, மிகையாகக் கற்றோர் செய்யும் பிழை. 'இஃப்' கண்ட இடமெல்லாம் 'வேர்' இடுவது. 'அவன் நேற்று அங்கிருந்தானாயின், அதனைக் கண்டிருப்பான். கேட்டுப் பார்' என்னுங் கருத்தில், அவன் இருந்தமை இன்னும் தெரியாத செய்தி. பொய்யான செய்தி அன்று. அங்கு 'வாஸ்' என்பதே வேண்டும். 'அவன் ஆயத்தமா என்று கேட்டேன்' என்பதற்கும், 'இஃப் ஹி வாஸ் ரெடி' என்றே எழுதுக; இந்த 'இஃப்' நிபந்தனையன்று, வினா. இங்கு லத்தீன் கற்றோர் சறுக்கிவிழ இடமுண்டு. ஏனெனில் லத்தீனில் அயற்கூற்று வினாவின் வினை ஸப்ஜங்டிவிலேதான் வரும். ஆங்கிலம் அந்த இடத்தில் தன் தாயத்தை எப்பொழுதோ விட்டுவிட்டது. லத்தீன் வகுப்பில் முதலாவதாகத் தேறிய நண்பர் ஒருவர், தம் ஆங்கிலக் கட்டுரையில் அத்தகைய 'வேர்' ஒன்றை எழுதி, ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட, ஓரத்தில் ஸ்டெட் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஆசிரியர் அந்த ஸ்டெட்டுக்கு மட்டும் அரை மதிப்பெண் வழங்கினார்.